ஐந்தாம் கியரில் நாலாயிரம்

"நாலாயிரம்! நாலாயிரம்னு சொல்றேன், காதுல ஏறுதா இல்லையா?"

"அடியே, மெதுவாப் பேசு. ஊருக்கே கேக்குது."

"கேக்கட்டும். நாலு பேரு வந்து உங்களுக்குப் புத்தி சொல்லட்டும்."

கேட்கத்தான் செய்தது. குடியிருப்பின் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் நடந்த சண்டை, மூன்று மாடிக்கும் ஏறி வந்தது. முதல் மாடிக்காரர்கள் அதைப் பணத் தகராறு என்று முடிவு கட்டி, யார் யாருக்குத் தர வேண்டும் என்பதுவரை பேசித் தீர்த்துவிட்டார்கள். இரண்டாம் மாடியில் மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் பார்த்தால் விஷயம் கார் இன்ஜின். நிமிடத்துக்கு அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற முள், நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் தொண்ணூறில் போகும்போது மூவாயிரத்தில் நிற்க வேண்டியது, நாலாயிரத்தில் நிற்கிறதாம். இதற்கா ஒருத்தி தொண்டை கிழியக் கத்துவாள் என்று மிக்சி மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஆனால் அவளைத் தெரிந்தவர்கள் அப்படி அலட்சியமாக விட்டிருக்கக் கூடாது. பொய்ப்பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. குடியிருப்பில் எல்லோருக்கும் பல்லக்கா. கையில் பேனா மாதிரி பிடித்துக்கொள்ளும் சின்ன மோட்டாரால் நாள் முழுக்கப் பல்லை ராவிக்கொண்டிருப்பவள். மோட்டார் வெறுமனே சுற்றினால் விசில் மாதிரி ஒரு சத்தம், எதையாவது கடித்துக்கொண்டு சுற்றினால் அடித்தொண்டையில் ஒரு உறுமல். கண்ணை மூடிக்கொண்டே வித்தியாசம் சொல்லுவாள். கல்யாணமான புதிதில் புருஷனையே நாற்காலியில் சாய்த்து, வாய் நிறைய மாவை அப்பி அளவெடுத்து, அவன் பல்வரிசையை வெள்ளை அச்சாக வார்த்து, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டவள். அந்த வீட்டுக்குப் போனால் முதலில் இளித்து வரவேற்பது அதுதான்.

புருஷனுக்குக் குடியிருப்புக்காரர்கள் நாங்கள் வைத்த பெயர் 'இதோ'. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பான். குளித்துக்கொண்டிருந்தாலும் அதே பதில்தான், செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாலும் அதே பதில்தான். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கில் சரக்கு ஏற்றுவதையும் இறக்குவதையும் மேற்பார்க்கிற வேலை. அவர்கள் பரம்பரையிலேயே முதல் கார் அவனுடையது. வேறு யாரோ ஓட்டிச் சலித்து விற்ற வெள்ளைக் கார்தான் என்றாலும், துடைக்கிற துணியை அவனே துவைத்து அவனே காயப்போடுவான். வீடு திரும்புகிற வழியில் ஓர் ஆற்றுப் பாலம். அதைத் தாண்டினதும் காதில் மாட்டின கருவியிலேயே வீட்டுக்குப் போன் பண்ணுவான்: "பாலம் தாண்டிட்டேன். இதோ வந்துட்டேன்." அங்கிருந்து வீட்டுக்குப் பத்தே நிமிடம். அவள் உடனே அடுப்பைப் பற்றவைப்பாள், மூன்றாம் வகுப்புப் படிக்கிற பாப்பா தட்டை எடுத்து வைப்பாள். பாலத்திலிருந்து வருகிற போனும் அடுப்பும் தட்டும் சேர்ந்துதான் அந்த வீட்டுக் கடிகாரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் காரில் போய்விட்டு வந்த அன்றைக்குத்தான் அந்தச் சண்டை. பாலம் தாண்டி நேர்ச்சாலையில் வந்தபோது முள்ளை முதலில் அவள் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டாள். பாதத்துக்கு அடியிலிருந்து எழும்பி, முழங்காலில் நடுங்கி, பல்லின் வேரில் வந்து நின்ற ஒரே சீரான ஊளை. அதற்கப்புறம்தான் முள்ளைப் பார்த்தாள்.

தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டி போனது. அவன் கைப்பிரேக்கை இழுத்துப் போட்டு, மேல் கியரில் வைத்து, கிளட்ச்சை விட்டான். இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி உடனே அணைந்தது.

"கிளட்ச் சும்மா கல்லு மாதிரி இருக்குண்ணே. சின்ன இன்ஜின் ஹைவேயில கொஞ்சம் கத்தத்தான் செய்யும். எல்லாம் நார்மல்."

"கேட்டியா?" என்றான் இதோ, பெண்டாட்டியைப் பார்த்து. "நார்மலாம். படிச்சவன் சொல்றான்."

"நான் எங்கண்ணே படிச்சேன்?"

இதோ பணம் எடுக்கப் போன நேரத்தில் மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், அண்ணன்கிட்ட போட்டுக் குடுக்காதீங்க. கிளட்ச் வழுக்கலேன்னா இன்ஜின் சுத்துற ஒவ்வொரு சுத்தும் சக்கரத்துக்குத்தான் போயாகணும். அஞ்சாவது கியர்ல நாலாயிரம்னா வண்டி நூத்தி இருபதுல பறக்கணும். ஆனா தொண்ணூறுதான் காட்டுது. பாலம்வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டேன், மீட்டரை மாத்திப் பாத்துட்டேன், என் போன்ல பாத்துட்டேன், தொண்ணூறேதான். மிச்ச சுத்து எங்க போகுதுன்னு எனக்குத் தெரியல." எண்ணெய்க் கையை மறுபடி மறுபடி அதே துணியில் துடைத்தான். "பாலத்துக்கு அந்தாண்ட இந்தக் கத்தலே இல்லைக்கா. இந்தாண்ட வந்தாத்தான்."

மிச்சம் எங்கே போகிறது என்பது அவள் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. வேலைக்கூடத்தில் மோட்டாரைக் கையில் பிடித்தால் போதும், அந்த ஊளை நினைவுக்கு வந்தது. அது வெறுமனே சுற்றுகிற சத்தம் இல்லை. நன்றாகக் கடித்துக்கொண்டு, எதையோ ராவிக்கொண்டு சுற்றுகிற சத்தம். எதை என்பதுதான் பிடிபடவில்லை.

அப்புறம் சின்னச் சின்னதாக வேறு சிலது கண்ணில் படத் தொடங்கியது. பாலத்திலிருந்து போன் வந்து பத்து நிமிடம் இருபதாகி, இருபது அரை மணியாகி, சூடு பண்ணின சாப்பாடு ஆறிப்போனது. கேட்டால், "பத்து நிமிஷத்துல வந்துட்டேனே, உன் கடிகாரத்தை மாத்து" என்பான். காலையில் வழவழவென்று சவரம் செய்துகொண்டு போன முகம், மாலையில் அவள் தொட்டுப் பார்த்தால் விரலைக் கீறியது. ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சட்டியிலிருந்து அப்படியே அள்ளிச் சாப்பிட்டான், இரண்டு நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி. "மத்தியானம் சாப்பிடலையா?" என்றதற்கு, வாயில் சோற்றோடு, "சாப்பிட்டேனே, இப்பத்தானே" என்றான். வேறு வீடு வைத்திருக்கிறானோ என்றுகூட எங்களில் சிலருக்குச் சந்தேகம் வந்தது. வந்தால் என்ன, பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அப்படி இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு மாலை, பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கிடங்குக்கே போய் நின்றாள். "கூடவே வரேன், ஒரு மாறுதலா இருக்கும்" என்றாள். அவனுக்கு ஏக சந்தோஷம். முன் சீட்டை உள்ளங்கையால் தட்டித் துடைத்துக் கொடுத்தான்.

பாலம்வரை ஒன்றுமில்லை. பாலத்தின் இரும்புத் தடுப்புகள் தட்டுத் தட்டென்று பின்னால் போயின, கீழே ஆறு இருட்டத் தொடங்கியிருந்தது, அவன் கிடங்கில் எவனோ தாழ்ப்பாளை உள்ளே போட்டுக்கொண்டு வெளியே நின்ற கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். பாலம் முடிந்தது. சக்கரம் தார்ச்சாலையில் இறங்கியதும் முள் ஏறியது. மூவாயிரம். மூவாயிரத்து ஐந்நூறு. நாலாயிரம். அவன் கால் கொஞ்சமும் அசையவில்லை. அதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊளை தரையிலிருந்து கிளம்பி முழங்காலுக்கு வந்தது. கொஞ்சம் சூடான ரப்பர் வாசனையும், அதற்கடியில் வேறொரு வாசனையும் வந்தன. பல்லை ராவும்போது கிளம்புகிற தூளின் வாசனை அது. எரிந்த எலும்பு மாதிரி இருக்கும். அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை.

சாலையோரமாக இடப்பக்கத்து மண் பாதையில் ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். கேரியரில் கேஸ் சிலிண்டர் கட்டியிருந்தது. அவசரமில்லாமல் மிதித்தார். அவள் ஜன்னலுக்கு நேராகவே வந்தார். வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தாள். தொண்ணூறு. சைக்கிள்காரர் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தார். அப்புறம், கொஞ்சம் அழுத்தி மிதித்து, அவர்களைத் தாண்டிப் போனார்.

"ஏங்க."

"ம்?"

"சைக்கிள்..."

"எங்க? அந்த ஆளைக் கேளேன், தாழ்ப்பாளு உள்ளே கிடக்கு, இவன் வெளியே நிக்கிறான்..."

பின்னால் வந்த லாரி ஒன்று காது கிழிய ஹாரன் அடித்து, ஒதுங்கி, சீறிக்கொண்டு கடந்தது. அடுத்து ஒரு பஸ். "ஓட்டத் தெரியாதவனுங்க, எப்படிப் பறக்குறானுங்க பாரு" என்றான் இதோ.

வலப்பக்கம் சாலையை ஒட்டி ஒற்றை மாடி வீடு ஒன்று வந்தது. வந்து, அங்கேயே நின்றது. மொட்டை மாடியில் ஒரு பெண் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு போர்வையை உதறி, நான்காக மடித்து, தோளில் போட்டாள். ஒரு சட்டை. ஒரு பாவாடை. கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டாள். இன்ஜின் ஊளையிட்டது. வேக முள் தொண்ணூறில் நின்றது. சாலையின் வெள்ளைக் கோடு சக்கரத்துக்கு அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வீடு ஓடவில்லை. கொடி முழுக்கக் காலியானது. அந்தப் பெண் உள்ளே போனாள். மாடி விளக்கு எரிந்தது. மறுபடி வெளியே வந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அவர்களுடைய காரைப் பார்த்தாள்.

கையைத் தூக்கினாள். தினமும் பார்க்கிற ஆளைப் பார்த்துத் தூக்குகிற மாதிரி.

அவன் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அவளுக்குத் திருப்பி ஆட்டினான். ஆட்டினது அவனுக்கே தெரியவில்லை. கதையை நிறுத்தவில்லை. கன்னத்தில் கருப்பாக முடி அரும்பியிருந்தது.

பல்லக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. "இறங்கு, வந்தாச்சு. பாத்தியா, பத்தே நிமிஷம்" என்று அவன் தோளைத் தட்டினபோது, குடியிருப்பில் எல்லோர் வீட்டிலும் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவுகிற சத்தம். பாப்பா பக்கத்து வீட்டு சோபாவில் தூங்கிப்போயிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தாள். காலில் விழுந்தாள். விவாகரத்து என்றாள். ஒரு வாரம் அவன் முனகிக்கொண்டே பஸ்ஸில் போனான். அந்த ஒரு வாரம் அவள் முகத்தில் ரத்தம் ஊறியது, எங்களிடம்கூட நின்று பேசினாள். எட்டாவது நாள் நல்ல மழை. அவனிடம் இன்னொரு சாவி இருந்தது. முள் தெரிந்தால்தானே இவளுக்குப் பயம் என்று, கருப்பு டேப்பை எடுத்து அந்த வட்டத்தின் மேல் நேர்த்தியாக ஒட்டி, ஓரத்தைக் கத்தரித்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் போனான். "இப்ப எந்த நாலாயிரமும் இல்ல. போதுமா?" இப்படி ஒரு வைத்தியம் உலகத்தில் எந்தப் புருஷனுக்குத் தோன்றாது, சொல்லுங்கள்.

அன்று மாலை மழை விட்டிருந்தது. பாப்பா மாடிப்படியில் ஓடி வந்தாள், ஈரத்தில் வழுக்கினாள், தாடை படி விளிம்பில் மோதிப் பிளந்துகொண்டது. பல்லக்கா வாயும் பல்லும் பார்த்தவள்தான், ரத்தம் பார்த்தவள்தான். ஆனாலும் தன் பிள்ளையின் தாடையில் வெள்ளையாக எலும்பு தெரிந்தபோது கைக்குக் கிடைத்த துண்டைத்தான் எடுத்தாள். துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது.

"பாலம் தாண்டிட்டேன்."

தினமும் அவள் சொல்லுகிற பதில், "மெதுவா வாங்க." அந்த ஒரு நாள் மட்டும் அவள் வாயில் வேறு வந்தது.

"பாப்பாவுக்குத் தாடை கிழிஞ்சுடுச்சுங்க! தையல் போடணும். சீக்கிரம் வாங்க, சீக்கிரம்!"

"அய்யோ! அழுத்திப் பிடி, இதோ வந்துட்டேன்."

போனில் இன்ஜின் சத்தம் ஏறினது கேட்டது. அவன் மிதித்துவிட்டான். ஊளை கீச்சென்று மேலே போனது, இன்னும் மேலே, மோட்டார் எலும்புவரை போய்க் கடிக்கும்போது வருகிற சத்தம்வரை. அங்கே நின்றது. அப்படியே.

மூன்றாம் மாடிக்காரரின் ஸ்கூட்டரில் பாப்பாவைக் கொண்டுபோய்த் தையல் போட்டுக் கூட்டிவந்தார்கள். அவன் வரவில்லை.

பாலத்தின் இந்தப் பக்கத்துக் கேமராவில் அவன் கார் இறங்குவது தெரிந்தது. அடுத்த பெட்ரோல் பங்க் கேமராவில் வரவேயில்லை. நடுவில் இருப்பது நேர்ச்சாலை, இரண்டு பக்கமும் வயல், ஓரமாக அந்த ஒற்றை மாடி வீடு, பிரிகிற வழி ஒன்றுகூடக் கிடையாது. போலீஸ் தடி வைத்துக்கொண்டு நடந்தே தேடிப் பார்த்தது. கண்ணாடித் துண்டு இல்லை. டயர் தடம் இல்லை.

மறுநாள் மாலை பல்லக்கா அந்த ஒற்றை மாடி வீட்டுக்குப் போனாள். துணி மடிக்கிற பெண் படியேறச் சொல்லி, மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். வயதானவள், பேச்சில் பதற்றமே இல்லை.

"வெள்ளைக் காரா? தெரியுமே. அவரு நல்ல மனுஷன், தினம் கை காட்டுவாரு."

"நேத்து பாத்தீங்களா?"

"நேத்தா?" அவள் ஒரு துண்டை உதறினாள். "நேத்து வந்துச்சு."

"எப்ப போச்சு? எந்தப் பக்கம்?"

அந்தப் பெண் துண்டை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பல்லக்காவை ஒரு மாதிரி பார்த்தாள். கைப்பிடிச் சுவருக்கு அப்பால், கீழே, காலியான சாலையைக் காட்டினாள்.

"எங்கம்மா போச்சு? இன்னும் போயிட்டுதான் இருக்கு."

பல்லக்கா எட்டிப் பார்த்தாள். சாலை. வெள்ளைக் கோடு. ஒன்றுமில்லை. கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த உள்ளங்கை நடுங்கியது. அவள் நடுங்கவில்லை, சுவர் நடுங்கியது. மெல்லிய, சீரான நடுக்கம். அது உள்ளங்கை வழியாக ஏறி, பல்லின் வேரில் வந்து நின்றது.

அப்போது பையில் போன் அடித்தது.

"பாலம் தாண்டிட்டேன். அழுத்திப் பிடிச்சிருக்கியா? இதோ வந்துட்டேன்."

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க! இறங்கி நடந்து வாங்க!"

"நிறுத்தறதா? என்ன பேசற? பத்து நிமிஷம்டி."

ஊளை. அதற்கப்புறம் எதுவும் இல்லை.

இதெல்லாம் நடந்து வருஷங்களாகிவிட்டன. தெருமுனை மெக்கானிக், கார் வேலையை விட்டுவிட்டுத் தண்ணீர் பம்ப் ரிப்பேருக்கு மாறி, கல்யாணம் பண்ணிக்கொண்டு, மாமனார் ஊரோடு போய்விட்டான். துணி மடிக்கிறவள் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டை வாங்க ஆள் இல்லை, சுவரெல்லாம் விரிசல். முதல் மாடிக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுக் கடலோரம் எங்கேயோ இருக்கிறார்கள். பாப்பா வளர்ந்து, படித்து, கூட வேலை பார்க்கிற பையனையே கட்டிக்கொண்டாள். பையன் தங்கமானவன், குட்டை, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கல்யாணத்தன்று அலங்காரக்காரி தாடைத் தழும்பை மறைக்க இரண்டு தடவை பூசினாள், இரண்டு தடவையும் அது வெளியே தெரிந்தது. இப்போது இருவரும் வெளிநாட்டில். அம்மாவைக் கூட வந்துவிடச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சியாகிவிட்டது. பல்லக்கா வரமாட்டேன் என்கிறாள். வீட்டையும் மாற்ற மாட்டாள், அந்தப் போன் நம்பரையும் மாற்ற மாட்டாள். அவன் நம்பரைக் கம்பெனிக்காரன் எப்போதோ ரத்து பண்ணியாகிவிட்டது. ஆனாலும் தினமும் மாலை அந்த நம்பரிலிருந்து போன் அடிக்கிறது.

அவளும் கத்துவதை எப்போதோ விட்டுவிட்டாள். இப்போது கேட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். அவன் குரல் முதலில் கொஞ்சம் கரகரத்தது. அப்புறம் மூச்சு வாங்கியது. அவள் தொழிலுக்கு மட்டும் தெரிகிற ஒன்று அதற்கப்புறம் வந்தது: 'ச' வருகிற இடத்தில் காற்று கசிந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று. அடுத்த வருஷம் அதன் பக்கத்துப் பல். கடைவாய்ப் பற்கள் போனபோது நாக்கு உள்ளே குழறுவது கேட்டது. எல்லாம் போன பிறகு, அலமாரியிலிருந்து அந்த வெள்ளை அச்சை எடுத்து, துடைத்து, அதன் அளவுக்கு மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக முழு செட் ஒன்று செய்தாள். அவ்வளவு நேர்த்தியாக அவள் வேறு யாருக்கும் செய்ததில்லை. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு, சாப்பாட்டு மேசையில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

நேற்று மாலையும் அடித்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். ஊளை சமையலறை முழுக்க நிறைந்தது. அதற்குள்ளிருந்து, பல்லே இல்லாத ஒரு கிழவனின் வாய், அவசரமாக, பாசமாக, ஒரு சின்னப் பெண்ணின் தாடையை நினைத்துக்கொண்டு கேட்டது:

"பாலம் தாண்டித்தேன். பாப்பாவுக்கு ரத்தம் நின்னுத்தா? இதோ... இதோ வந்துத்தேன்."

தம்ளரில் தண்ணீர் நடுங்கியது. உள்ளே அந்த இரண்டு வரிசைப் பற்களும் ஒன்றோடொன்று கடகடவென்று அடித்துக்கொண்டன.